மைட்ரல் மாஸ்டர்

தையல்காரரை ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவரையும் கடைத்தெருவில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் அவர் 'மைட்ரல் மாஸ்டர்'. இதயத்தின் இடது பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு மாதிரி இருக்கிற வால்வுக்கு மைட்ரல் என்று பெயர். அவருக்கு அந்தக் கதவு முழுசாகத் திறக்காது. பதினோரு வயதில் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, முட்டி இரண்டும் வீங்கி, ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். வீக்கம் வடிந்ததும் வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். வால்வு மறக்கவில்லை.

ஓடியாடிச் செய்கிற வேலை எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று பேரெடுத்து, கடைசியில் உட்கார்ந்தே செய்கிற தொழிலாகப் பார்த்துத் தையல் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கை ராசியான கை. அவர் வெட்டிய ரவிக்கைக் கழுத்து யாருக்கும் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. முப்பத்திரண்டாவது வயதில், கல்யாணமாகிச் சில மாதங்களில், துணிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்த கடைக்கு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஓர் இளம் டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். வைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே போய் இன்னும் ஆறு பேரைக் கூட்டிவந்தார். ஆறு பேரும் வரிசையில் நின்று மாறி மாறிக் கேட்டார்கள். "எவ்ளோ தெளிவா இருக்கு பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"ஏங்க, இவ்ளோ சந்தோஷப்படறாங்களே, நல்ல சேதியா?" என்று மனைவி அவர் காதோரம் கேட்டாள்.

அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லி அவர் பல வருஷம் சிரித்திருக்கிறார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சுருக்கம் இப்போதைக்கு நடுத்தரம்தான், மாத்திரை போதும். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும். நெஞ்சு தாளம் தப்பிப் படபடன்னு அடிச்சா மட்டும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வந்துடுங்க" என்றார். போகும்போது இன்னொன்றும் கேட்டார். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் வந்து படுத்துக்கொள்ள முடியுமா?

அப்படித்தான் அவர் பரீட்சைக் கேஸ் ஆனார். அப்புறம் பதினான்கு வருஷம் விடாமல் போனார். கல்லூரிக் குமாஸ்தா போன் பண்ணினால் போதும், கடைக் கதவில் 'இரண்டு நாள் விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தச் சட்டையை அங்கே போனதும் கழற்றத்தான் போகிறார் என்பது வேறு விஷயம்.

நீளமான கூடம், பச்சைத் திரை போட்ட கட்டில்கள், ஜன்னல் பக்கம் நாலாவது கட்டில் அவருடையது. ஒரு பிள்ளைக்கு நாற்பது நிமிஷம். முதலில் கேள்விகள்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, மூச்சு வாங்குகிறதா, சின்ன வயதில் முட்டி வீங்கியதா. அப்புறம் மணிக்கட்டில் நாடி. கழுத்து. நெஞ்சில் உள்ளங்கை. கடைசியில் ஸ்டெத். அவருடைய இதயத்தின் முதல் சத்தம், யாரோ கதவை அறைந்து சாத்துவதுபோல விழும். இரண்டாவது சத்தத்தை ஒட்டி ஒரு சின்னச் சொடுக்கு. அதற்குப் பின்னால்தான் விஷயமே: தெருக்கோடியில் பார வண்டி உருளுகிற மாதிரி ஓர் அடங்கிய உறுமல். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால்தான் அது சரியாகக் காதில் விழும். பயத்தில் பிள்ளைகள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மாஸ்டர் தானாகவே, கை மரத்துப்போன மாதிரி முனகிக்கொண்டு, இடது பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது போதும்.

ஒரு வருஷம் ஒரு பையன் பரீட்சை முடிந்ததும் ஸ்டெத்தை அவர் காதிலேயே மாட்டிவிட்டான். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தன் நெஞ்சைத் தானே கேட்டார். "பாவம், ராத்திரி பகலா உழைக்குது" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம், "இந்த ஊர்ல பாதி டாக்டருங்க என் நெஞ்சுல படிச்சவங்க" என்பார். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்பது வருஷத்துக்கு ஒருமுறை ஆகி, அப்புறம் நின்றே போனது. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்வதோடு சரி.

மனைவி விடமாட்டாள். கடையில் பொத்தான் கட்டுவதும் ஓரம் அடிப்பதும் அவள் வேலை. ஊசியை வாயில் கவ்வியபடியே ஆரம்பிப்பாள்.

"ஊரான் பிள்ளைங்க பாஸ் பண்றதுக்குப் போறீங்க. உங்களுக்காக ஒருநாள் போய்ப் பாருங்களேன்."

"வருஷத்துக்குப் பத்துப் பேர் கேக்கறாங்க. பத்துப் பேர் காதுலயும் விழாததா ஒரு டாக்டர் காதுல விழுந்துடப் போவுது?"

"அவங்க பரீட்சைக்குக் கேக்கறாங்க. உங்களுக்காகவா கேக்கறாங்க?"

அவள் பேச்சில் ஊசி இருந்ததே தவிர, அது அவருக்குத் தைக்கவில்லை.

பதின்மூன்றாவது வருஷம் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். சன்னமான குரல், வியர்த்த கை. கேள்வி கேட்கும்போதே முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மாஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. பேச்சுவாக்கில், கொஞ்ச நாளாக இடது தோள் வலிக்கிறது என்று அவளிடம் சொல்லிவைத்தார். நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்தால் யாருக்கும் வருகிற வலிதான். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். தோள், கை, இதய ரத்தக்குழாய் என்று எங்கெங்கோ போய்விட்டாள். அவர் ஒருக்களித்துப் படுத்தும் பார்த்தார், அவளுக்குப் புரியவில்லை. பேராசிரியர் வந்து கேட்டபோது உறுமலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வருஷம் அவள் தேறவில்லை.

சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கும்போது மாடிப்படி வளைவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. மாஸ்டர் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. கைப்பிடியை ஒட்டி இறங்கிப் போனார். வீட்டுக்கு வந்து, "என் வாய் சும்மா இருந்திருந்தா அந்தப் பொண்ணு பாஸ் ஆயிருக்கும்" என்று மனைவியிடம் சொல்லி, அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் பேராசிரியர் கையில் இருக்கிற கேஸ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டார்.

மறுவருஷம் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால், துணி வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. உடனே அடங்கியும் விட்டது. மறுநாள் மறுபடி. இரண்டு மூன்று அடி வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று வராமலே. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். மனைவியிடம் சொன்னால் அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எப்படியும் அடுத்த வாரம் அங்கேதானே போகப்போகிறோம், அதே ஆஸ்பத்திரிதானே, பரீட்சை முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். நெஞ்சு சமர்த்தாக இருந்தது. ஐந்து பேரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனார்கள். நாலாவது கட்டிலில் படுத்திருப்பவர் யார், என்ன சத்தம், என்ன எழுத வேண்டும் என்பது இந்த வருஷம் விடுதி முழுக்கத் தெரிந்த சங்கதி.

இரண்டாம் நாள் காலையில் திரையை விலக்கிக்கொண்டு வந்தது அந்தக் கண்ணாடிப் பெண். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"ஞாபகம் இருக்குங்களா ஐயா?"

"இருக்கும்மா. இந்தத் தடவை ஒரு குறையும் வராது. கேளு."

சீட்டில் இருப்பதை மட்டும் சொன்னார். மூச்சு வாங்கும். பதினோரு வயசுல முட்டி வீங்கிச்சு. ராத்திரி படுத்தா மூச்சு முட்டும், இரண்டு தலையணை வேணும். அவ்வளவுதான்.

அவள் நாடியைப் பிடித்தாள். அவர் நெஞ்சு அப்போதுதான் தடுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். புருவம் சுருங்கியது. ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து மறுபடி ஒரு நிமிஷம் எண்ணினாள். கையை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி நாடியைப் பிடித்தாள்.

"ஐயா, உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிற மாதிரி எப்பவாச்சும் இருக்கா? தாளம் தப்பி?"

மாஸ்டருக்கு மாடிப்படி வளைவு கண்முன் வந்தது. போன வருஷம் தோள்வலி, இந்த வருஷம் இதுவா? மறுபடியும் இந்தப் பெண்ணை வழிமாற்றி விடுவதா? சீட்டில் பதின்மூன்று வருஷமாக 'நாடி சீரானது' என்றுதான் எழுதியிருக்கிறது. நேற்று ஐந்து பேரும் அதைத்தான் சொன்னார்கள், ஐந்து பேருக்கும் பேராசிரியர் தலையாட்டினார்.

"இல்லம்மா" என்றார். "அப்படியெல்லாம் எதுவும் இல்ல."

அவள் நம்பாத மாதிரி பார்த்தாள். திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. மாஸ்டர் தலையைத் தூக்கி, மெதுவாக, "பயத்துல தப்பா எண்ணாதே. துடிப்பு சீராத்தான் இருக்கு. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அதையே சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பிப் படுத்தார்.

பேராசிரியர் வந்தார். அவள் சொன்னாள். நாடி என்ற இடத்தில் குரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு, "சீரானது" என்றாள். முதல் சத்தம், சொடுக்கு, உறுமல் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியர் பழைய சீட்டைப் பார்த்தார், ஸ்டெத்தை ஒப்புக்கு ஒருதரம் வைத்து எடுத்தார். "நல்லது" என்றார்.

அன்று மதியம் மாஸ்டர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தது, நெஞ்சும் அடங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, "அந்தக் கண்ணாடிப் பொண்ணு பாஸு" என்றார். ஒரு வருஷ பாரம் இறங்கிய மாதிரி அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, மேஜையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கத்திரி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை போகவில்லை. மனைவியைக் கூப்பிட்டார், வாயிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. அவள் பொத்தான் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் தரையில் சரிந்திருந்தார்.

தாளம் தப்பித் துடித்த இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர்கள் மனைவிக்கு விளக்கினார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மற்றவர் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது, நினைப்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் நினைப்பிலிருந்து நாக்குக்கு வருகிற வழி அறுந்துவிட்டது. அந்த நாட்களில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்: "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல. வலிக்கிறதா என்றாலும் இல்ல. வேறெதையோ சொல்ல வாயெடுத்தாலும் வந்து நிற்பது அதுதான்.

நாலாம் நாள் கண்ணாடிப் பெண் வார்டுக்கு வந்தாள். கட்டில் காலடியில் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு மனைவியிடம் திரும்பினாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பரீட்சை அன்னிக்கு நான் ஐயாவைப் பார்த்தேன். துடிப்பு தாளம் தப்பி இருந்துச்சு. மணிக்கட்டுல ஒரு கணக்கு வந்துச்சு, நெஞ்சுல ஒரு கணக்கு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. "சொல்லலன்னா?"

"சீரா இருக்குன்னு சொல்லிட்டேன். சொல்லியிருந்தா அன்னிக்கே ரத்தம் கட்டாம இருக்க மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க."

"அப்ப இது ஆகியிருக்காதா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "ஆகாம இருந்திருக்கலாம்."

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இப்போது சொல்வாள், அவர்தான் சொல்லச் சொன்னார் என்று சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. படபடப்பு இருக்கிறதா என்று கேட்டதையும், அவர் இல்லை என்றதையும், அதையே சொல்லிடு என்றதையும், எதையுமே சொல்லவில்லை. முழுசையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

மனைவியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"உனக்காகத்தான் போன வருஷம் சாப்பிடாம கெடந்தாரு. உன் பரீட்சைக்குத்தான் அங்க வந்து படுத்தாரு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிட்டுப் போயிட்டியா?"

மாஸ்டர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். அவளில்லை, நான், நான்தான் சொன்னேன். நெஞ்சு நிறைய வார்த்தை இருந்தது. "இல்ல" என்றார். "இல்ல. இல்ல. இல்ல."

"பாரு" என்றாள் மனைவி. "அவரே வேண்டாங்கறாரு. போயிடு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளும் அதை வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மாஸ்டர் மறுநாள் காலைவரை வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லையும் வேண்டாமென்று விட்டுவிட்டவர்போல் கிடந்தார்.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். கடையை மனைவி எடுத்துக்கொண்டாள். வெட்டத் தெரியாதவள் பழந்துணியில் வெட்டிப் பழகினாள். ஓரம் அடிப்பது, கிழிசல் தைப்பது என்று ஆரம்பித்து மெல்ல ரவிக்கைவரை வந்தாள். அவரைக் கடைக்குள்ளேயே நாற்காலியில் உட்காரவைத்துக்கொள்வாள். அவள் தப்பாக வெட்டப் போனால் அவர் இடது கையால் மேஜையைத் தட்டுவார். அவள் நிறுத்திவிட்டு, "இங்கயா? இங்கயா?" என்று கத்திரியை நகர்த்திக்கொண்டே போவாள், சரியான இடம் வந்ததும் தட்டுவதை நிறுத்துவார். அப்படியொரு பாஷை உண்டாயிற்று.

வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். பயிற்சி கொடுப்பவள் படங்களைக் காட்டுவாள். கப்பைக் காட்டி, "டீ" என்பாள். ஒரு மாதம் கழித்து டீ வந்தது. அப்புறம் நூல் வந்தது, கதவு வந்தது, வலி வந்தது. ஒவ்வொன்றுக்கும் முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, வியர்த்து ஒழுகும். 'நான்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாட்டைப் பார்த்து அந்தப் பயிற்சிக்காரியே ஆச்சரியப்பட்டாள். எல்லாரும் முதலில் சாப்பாட்டைத்தான் கேட்பார்கள், இவர் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று மனைவியைக் கேட்டாள். மனைவிக்கும் தெரியவில்லை.

எட்டாவது மாதம், ஒரு மதியம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அவர் மேஜையைத் தட்டினார். அவள் கத்திரியை நிறுத்தினாள். துணியைப் பற்றி இல்லை என்று தலையாட்டினார்.

"நான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்... சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"பொண்ணு." இடது கையைத் தூக்கிக் கண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். "கேட்டா. நான்... இல்லன்னேன்."

அவள் கத்திரியை வைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு சொல்லாக, இடையில் அழுது, வாய் கோணி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, முக்கால் மணி நேரத்தில் அந்த நாற்பது நிமிஷத்தைச் சொல்லி முடித்தார். பத்து நாள் முன்னாலேயே நெஞ்சு தடுக்கியதையும் சொன்னார். அதைத்தான் கடைசியில் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என்கிட்டகூடச் சொல்லல" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, பாதியில் விட்ட துணியை எடுத்தாள். வெட்டாமல் மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். கண்ணாடிப் பெண் இப்போது அங்கேயே பயிற்சி டாக்டர். வெளிநோயாளிகள் வரிசை முடியும்வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

"அவர் சொல்லிட்டாரு" என்றாள். "எல்லாத்தையும்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"நீ ஏம்மா அன்னிக்குச் சொல்லல? அவர்தான் சொல்லச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன்னை அப்படிப் பேசியிருப்பேனா?"

"அவர் ஆயிரம் சொல்லலாம்க்கா. அவர் நோயாளி. நாடியைப் பிடிச்சது நான்தானே. அந்தக் கட்டில்ல கெடக்கறவரைக் காட்டி, இவர்தான் சொல்லச் சொன்னாருன்னு எப்படிச் சொல்றது?"

பக்கத்து அறைக்கு யாரோ சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"ஒருநாள் வீட்டுக்கு வா" என்றாள் மனைவி. "உன்னைப் பார்க்கணும்னுதான் பேசக் கத்துக்கிட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். சொல்ல வைத்திருந்த வாக்கியம் அவளைக் கண்டதும் வரவில்லை. அவளுடைய கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள், "ஒருதடவை கேட்டுப் பார்க்கட்டுமா ஐயா?" என்றாள். பொத்தானை மனைவி கழற்றிவிட்டாள். அவசரமில்லாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், நெஞ்சிலும் முதுகிலும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு மனைவியைத் தனியாகக் கூப்பிடாமல் அவரிடமே சொன்னாள். சுருக்கம் அதிகமாகியிருக்கிறது. போன படத்தில் இதயத்துக்குள் தெரிந்த ரத்தக்கட்டு முழுசாகக் கரைந்தால்தான் வால்வை விரிக்க முடியும். அதுவரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று தெரியாது.

கட்டி கரையவில்லை. மூன்று தடவை படம் எடுத்துப் பார்த்தார்கள், மூன்று தடவையும் அது அங்கேயே இருந்தது. அறுத்துச் செய்யலாம் என்றால், இந்த உடம்பு தாங்காது என்றார்கள். கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே தூங்கினார். கண்ணாடிப் பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மருந்தை மாற்றுவாள், மனைவியோடு டீ குடிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் பழைய விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை.

மொத்தம் நாற்பது ஐம்பது சொற்கள்தான் அவருக்குத் திரும்பி வந்தன. மனைவியின் பெயர் அதில் இல்லை. சின்னப் பெயர்தான், மூன்று எழுத்து. கடையை மூடிவிட்டு விளக்கைப் போட்டதும் அவர் எதிரில் உட்கார்ந்து, "எங்க, சொல்லுங்க பாப்போம்" என்பாள். அவர் உதட்டைக் குவிப்பார், முதல் எழுத்துவரை வந்து நின்றுவிடும். "பரவால்ல, நாளைக்குச் சொல்லுங்க" என்று தலையணையைச் சரிபண்ணி வைப்பாள். மழை விட்டிருந்த ஒரு விடிகாலையில் அவர் நாற்காலியிலேயே போய்விட்டார். முந்தின நாளும் அவள் கேட்டிருந்தாள்.